லண்டன்ல இருக்கான்னா எந்த லண்டன்ல? யூகே பத்திப் பேசும்போது நாம பண்ற தப்புங்க

எங்க தெருவுல ஒரு வழக்கம் இருக்கு, யூகே பக்கம் யாரு போனாலும் "லண்டன்ல இருக்கான்"னுதான் சொல்லுவாங்க. நான் ஸ்காட்லாந்துல இருக்குற கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போனப்பவும் அம்மா எல்லார்கிட்டயும் லண்டன்னுதான் சொல்லி வச்சிருந்தாங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏறத்தாழ 650 கிலோமீட்டர், சென்னைல இருக்குறவன நாகர்கோவில்ல இருக்கான்னு சொல்ற மாதிரிதான்.

சரி அம்மாவ விடுங்க, நான் என்ன பண்ணேன்னு கேளுங்க. போன முதல் வாரம் ஒரு டாக்ஸில ஏறி உக்காந்துட்டு, பேச்சுக் கொடுக்கணுமேன்னு "இங்கிலாந்து ரொம்ப அழகா இருக்கு"ன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு கண்ணாடில என்னை ஒரு பார்வை பாத்தாரு. "அப்படியா, அங்க போகணும்னா இன்னும் ஒன்றரை மணி நேரம் தெக்கால ஓட்டணும் தம்பி, ஓட்டவா?"ன்னாரு. இறங்குற வரைக்கும் நான் வாயத் திறக்கல.

தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, தமிழ்ல நாம மொத்த நாட்டுக்கும் "இங்கிலாந்து"ன்னே பேர் வச்சிட்டோம். பேப்பர்ல கூட "இங்கிலாந்து பிரதமர்"னுதான் போடுறாங்க. அப்படி ஒரு பதவியே கிடையாது. நாட்டோட பேரு யுனைடெட் கிங்டம், சுருக்கமா யூகே, அதுக்குள்ள இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துன்னு நாலு பகுதி. இதுல முதல் மூணும் இருக்குற பெரிய தீவுக்குப் பேருதான் கிரேட் பிரிட்டன். மக்கள் தொகைல பெரும்பங்கு இங்கிலாந்துலதான் இருக்குங்குறதால அந்தப் பேரு மத்ததையெல்லாம் முழுங்கிடுச்சு. டெல்லிப் பக்கம் போனா நம்ம எல்லாரையும் மதராசின்னு ஒரே மூட்டைல கட்டுறாங்கன்னு எவ்வளவு கடுப்பாகுது, அதே கடுப்புதான் அவங்களுக்கும். கோர்டன் பிரவுன் பிரதமரா இருந்தாரே, அவரு ஸ்காட்லாந்துக்காரரு. முதல் உலகப் போர் சமயத்துல பிரதமரான லாயிட் ஜார்ஜுக்குத் தாய்மொழியே வெல்ஷ், இங்கிலீஷ் அவருக்கு ரெண்டாவது பாஷை.

ராஜா விஷயமும் அப்படித்தான். "இங்கிலாந்து மன்னர் சார்லஸ்"னு எழுதுறோம், ஆனா 1707ல இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒண்ணா சேர்ந்தப்பவே அந்தப் பட்டம் முடிஞ்சு போச்சு. சொல்லப்போனா அதுக்கு முன்னாடி 1603லயே ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ்தான் தெக்க போய் இங்கிலாந்துக்கும் ராஜாவானாரு, இவங்க ராஜா அங்க போனாரே தவிர அங்கிருந்து யாரும் இங்க வரலன்னு கிளாஸ்கோல பெருசுங்க பெருமையா சொல்லும்.

ஒண்ணா சேர்ந்தாங்கன்னதும் எல்லாம் ஒரே சட்டம்னு நினைக்குறது அடுத்த தப்பு. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் தனி, கோர்ட் தனி, படிப்பு தனி. இங்கிலாந்துல பெரும்பாலும் மூணு வருஷத்துல முடியுற ஹானர்ஸ் டிகிரி அங்க நாலு வருஷம், அதனால ஃபீஸ் கணக்குப் போடும்போது இதப் பாக்காம போடாதீங்க. கிரிமினல் கேஸ்ல குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ற பொதுஜனக் குழுவான ஜூரில இங்கிலாந்துல 12 பேர்னா ஸ்காட்லாந்துல 15 பேர். இந்தச் சட்ட வித்தியாசத்தால வந்த சூப்பர் கதை ஒண்ணு இருக்கு. நம்ம டாக்ஸிக்காரர் சொன்னாரே தெக்கால, அந்த எல்லைய ஒட்டி கிரெட்னா கிரீன்னு ஒரு சின்ன கிராமம். 1754லருந்து இங்கிலாந்துல 21 வயசுக்குக் கீழ இருக்குறவங்க அப்பா அம்மா சம்மதம் இல்லாம கல்யாணம் பண்ண முடியாதுன்னு சட்டம் வந்துச்சு, ஸ்காட்லாந்துல அந்தச் சட்டம் செல்லாது, ரெண்டு சாட்சிய வச்சுக்கிட்டு நாங்க புருஷன் பொண்டாட்டின்னு சொன்னாலே போதும். உடனே லவ் பண்ண ஜோடியெல்லாம் குதிரை வண்டி புடிச்சு எல்லையத் தாண்டி ஓடி வர ஆரம்பிச்சாங்க, அந்த ஊர் கொல்லருங்களே பட்டறைல நின்னு கல்யாணம் பண்ணி வச்சாங்க. பட்டறைக்கல்ல சுத்தியால டங்குன்னு ஒரு தட்டு, கல்யாணம் முடிஞ்சுது. இன்னைக்கும் அங்க கல்யாணம் பண்ணிக்கத் தேடி வர்றவங்க உண்டு.

நோட்டு விஷயத்துல நான் நேரடியாவே அடி வாங்குனேன். ஸ்காட்லாந்துல மூணு பேங்க் சொந்தமா பவுண்டு நோட்டு அடிக்குது, படம் வேற, டிசைன் வேற, ஆனா மதிப்பு அதே பவுண்டுதான். அத எடுத்துக்கிட்டு லண்டன் போனேன், ஒரு கடைல அந்தப் பையன் நோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "வேற இருக்கா?"ன்னான். அதுவாச்சும் பரவால்ல, லீவுக்கு வந்தப்ப மிச்சம் இருந்த நாலு நோட்ட மாத்தலாம்னு சென்னைல ஒரு எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போனா, தொடக்கூட மாட்டேன்னுட்டாங்க. அதனால ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டா மாத்திட்டு வாங்க, அந்த நாலு நோட்டு இன்னும் என் பீரோலதான் கிடக்குது.

வேல்ஸ இங்கிலாந்தோட ஒரு ஜில்லா மாதிரி நினைக்குறவங்க நிறைய பேரு. கொடிய வேற பாத்தா அப்படித்தான் தோணும், யூகே கொடியான யூனியன் ஜாக்ல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூணு சிலுவையும் இருக்கு, வேல்ஸுக்கு ஒண்ணுமே இல்ல. எட்டாம் ஹென்றி காலத்துலயே இங்கிலாந்தோட இணைச்சுட்டதால தனியா சேர்க்க வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஆனா அங்க போய்ப் பாருங்க, ரோட்டுல "ஸ்லோ"ன்னு எழுதி பக்கத்துலயே "அராவ்"னு வெல்ஷ்லயும் பெயின்ட்ல எழுதியிருக்கும், போர்டெல்லாம் ரெண்டு பாஷைல. வெல்ஷ் ஏதோ இங்கிலீஷோட கொச்சை வழக்குன்னு மட்டும் வாய்தவறிக்கூட சொல்லிடாதீங்க, அது கெல்டிக்ங்குற தனி மொழிக் குடும்பம், இங்கிலீஷ் அந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்த மொழி. அவங்க மொழிப்பற்றப் பாத்தா நம்மாளுங்களுக்குச் சட்டுனு புரிஞ்சிடும்.

இப்ப அயர்லாந்து. இங்கதான் தப்பு பண்ணா கோவம் மட்டும் இல்ல, விசா பிரச்சனையும் வரும். 1801ல மொத்த அயர்லாந்தும் யூகேக்குள்ள வந்துச்சு, 1922ல 32 கவுன்டில (நம்ம ஜில்லா மாதிரி) 26 தனியா பிரிஞ்சு போச்சு, மீதி ஆறுதான் வட அயர்லாந்துன்னு யூகேலயே நின்னுச்சு. டப்ளின் தலைநகரா இருக்குற அந்த 26ம் வேற நாடு, 1949லருந்து குடியரசு, செலவு பண்றது யூரோ. டப்ளின்ல போய் நின்னுக்கிட்டு "யூகேக்கு வந்திருக்கேன்"னு ஸ்டேட்டஸ் போட்டா அங்க இருக்குறவன் உங்கள ஒரு மாதிரிதான் பாப்பான், ஏன்னா அந்தச் சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டுச் செத்தவங்க அவன் வீட்டுலயே இருந்திருப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வட அயர்லாந்துல இருக்குற பெல்ஃபாஸ்ட்ல படிச்சுக்கிட்டிருந்தான், கைல யூகே ஸ்டூடன்ட் விசா. பெல்ஃபாஸ்ட்லருந்து டப்ளின் பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான், எல்லைல கேட்டும் இல்ல செக்போஸ்ட்டும் இல்ல, மைல் போர்டு கிலோமீட்டரா மாறும், ரோட்டோரக் கோடு மஞ்சளாகும், அவ்வளவுதான். செக்கிங் இல்லன்னா விசாவும் வேணாம்னு நினைச்சு ஏறிட்டான், நடுவுல ஐரிஷ் போலீஸ் பஸ்ஸ நிறுத்தி பாஸ்போர்ட் கேட்டாங்க, திரும்பி வந்த கதைய மூணு மாசம் சொல்லிக்கிட்டிருந்தான். அந்த எல்லை அப்படித் திறந்து கிடக்குறதுக்குப் பின்னாடி, வட அயர்லாந்து யூகேலயே இருக்கணுமா அயர்லாந்தோட சேரணுமான்னு நடந்த முப்பது வருஷச் சண்டையும், ஏறத்தாழ 3,500 சாவும், 1998 புனித வெள்ளி அமைதி ஒப்பந்தமும் இருக்கு, நமக்குச் சுத்திப் பாக்க ஈஸியா இருக்கட்டும்னு யாரும் திறந்து விடல. வட அயர்லாந்துல இன்னொண்ணு, டெரின்னும் லண்டன்டெரின்னும் ஒரே ஊருக்கு ரெண்டு பேரு, நீங்க எதச் சொல்றீங்கங்குறத வச்சே அந்தச் சண்டைல நீங்க எந்தப் பக்கம்னு எடை போடுவாங்க, எதிர்ல இருக்குறவரு எதச் சொல்றாருன்னு கேட்டுட்டு அப்புறம் வாயத் திறங்க.

கிரிக்கெட் பாக்குறவங்களுக்குக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. கிரிக்கெட்ல "இங்கிலாந்து"ன்னா இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்தது, அதனாலதான் வேல்ஸ் தலைநகரான கார்டிஃப்ல அவங்க ஹோம் மேட்ச் ஆடுறாங்க. ஃபுட்பால்ல நாலும் நாலு டீம். ஒலிம்பிக்ஸ்ல மட்டும் எல்லாம் ஒரே டீம். அயர்லாந்து கிரிக்கெட்டுலயும் ரக்பிலயும் எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே டீமா ஆடும். 2019 வேர்ல்டு கப்ப இங்கிலாந்துக்கு வாங்கிக் கொடுத்த கேப்டன் மார்கன் டப்ளின்ல பொறந்தவரு, அதுக்கு முன்னாடி அயர்லாந்துக்கே ஆடினவரு. இத நான் எத்தனை தடவை சொன்னாலும் எங்க மாமா நம்ப மாட்டேங்குறாரு.

ஊர்ப் பேரு உச்சரிப்பு தனிக் கொடுமை. எழுத்துக்கூட்டி "லெய்செஸ்டர்"னு டிக்கெட் கேட்டா முழிப்பாங்க, அது லெஸ்டர். லஃப்பரா, வூஸ்டர், கிரெனிச், எடின்பரா, இதெல்லாம் ஸ்டேஷன்ல அனவுன்ஸ்மென்ட் கேட்டுத்தான் எனக்கே பழகுச்சு. தேம்ஸ் நதிகூட அவங்க வாயில டெம்ஸ்தான். நேரக் கணக்கும் பாத்துக்கோங்க, குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி நேரம், மார்ச் கடைசி ஞாயிறுலருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் நாலரை. என் அத்தை வருஷம் முழுக்க அஞ்சரைதான் கணக்கு.

"டீக்கு வீட்டுக்கு வா"ன்னு கூட வேலை பாத்த ஒரு அக்கா கூப்பிட்டாங்க, ஸ்காட்லாந்துலயும் வட இங்கிலாந்துலயும் நிறைய வீட்டுல டீன்னா ராத்திரி சாப்பாடுன்னு எனக்கு எங்க தெரியும், வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போய் நின்னேன். டேபிள் மேல உருளைக்கிழங்கும், மாவுக்குள்ள மட்டன் வச்சுச் சுட்ட "பை"ங்குற பண்டமும் ஆவி பறக்க இருந்துச்சு. அதே மாதிரி இங்கிலாந்துல "பப்ளிக் ஸ்கூல்"னா கவர்மென்ட் ஸ்கூல் இல்ல, நேர் எதிரு, ஈட்டன் மாதிரி லட்சம் லட்சமா ஃபீஸ் வாங்குற ஸ்கூலுக்குத்தான் அந்தப் பேரு.

கடைசியா நம்ம ஊர்ச் சரித்திரத்துலயே இந்தத் தப்பு ஒட்டிக்கிட்டிருக்கு. 1639ல சென்னைல இடம் வாங்குனது "பிரிட்டிஷ்"காரங்கன்னு எழுதுறோம், அப்ப பிரிட்டன்னு ஒரு அரசே கிடையாது, வந்தது இங்கிலாந்தோட கிழக்கிந்தியக் கம்பெனி. அதான் கோட்டைக்கு இங்கிலாந்தோட காவல் புனிதர் ஜார்ஜ் பேரு. ஸ்காட்லாந்துக்காரங்க பின்னாடி கும்பலா வந்து 1821ல எழும்பூர்ல தங்களுக்குன்னு ஒரு சர்ச் திறந்தாங்க, அதுக்கு அவங்க புனிதர் ஆண்ட்ரூ பேரு, சர்ச்னு கூடச் சொல்லாம ஸ்காட்லாந்து வழக்குல "கிர்க்"னே வச்சாங்க. தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரைல சிலையா உக்காந்திருக்குற, மெட்ராஸ் கவர்னரா இருந்த மன்றோ கிளாஸ்கோல பொறந்தவரு. மெரினால சிலையா நிக்குற கால்டுவெல் அயர்லாந்துல ஆன்ட்ரிம்ல பொறந்து கிளாஸ்கோல வளர்ந்து படிச்சவரு. இவங்க எல்லாரையும் நாம ஒரே வார்த்தைல "ஆங்கிலேயர்"னு முடிச்சிடுறோம்.

தங்கச்சி பொண்ணுக்கு இதச் சொல்லிக் கொடுத்தேன், அவளும் சோஷியல் ஹோம்வொர்க்ல கால்டுவெல் அயர்லாந்துல பொறந்தவருன்னு எழுதிட்டுப் போனா. சிவப்பு இங்க்ல அடிச்சு பக்கத்துல "இங்கிலாந்து"ன்னு திருத்தி வந்திருக்கு. திருக்குறள மொழிபெயர்த்த ஜி.யு.போப் பொறந்தது கனடாவுலன்னு அவகிட்ட நான் இன்னும் சொல்லல.