ஜப்பானியரிடம் ‘வியன்னா’ என்று சொல்லாதீர்கள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கிலப் பெயரை எடு, நடுவில் உயிரெழுத்துகளைச் செருகு, வெளிநாட்டுச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் எழுது. சிகாகோ ‘ஷிகாகோ’ ஆகிவிடும், சியாட்டில் ‘ஷியாதோரு’ ஆகிவிடும். அமெரிக்காவைத் தாண்டினால் இது காலை வாரிவிடும்.

வியன்னா, மியூனிக், ஃபுளோரன்ஸ் எல்லாம் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்த பெயர்கள். ஜப்பானியரோ அந்தந்த ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு ‘வீன்’, ‘ம்யுன்ஹென்’, ‘ஃபிரென்ட்சே’ என்கிறார்கள். கொலோன் அவர்களுக்குக் ‘கெருன்’. நீங்கள் ‘வியன்னா’ என்றால் அவர் காதில் ‘வின்னா’ என்று விழலாம்; அது மதிய உணவு டப்பாவில் வைக்கும் குட்டி சாசேஜ்!

அதற்காக ஊர்க்காரர் பெயர்தான் எப்போதும் சரி என்றும் நம்ப வேண்டாம். லிஸ்பனைப் போர்த்துக்கீசியர் ‘லிஷ்போவா’ என்பார்கள், ஜப்பானியர் ‘ரிசுபொன்’ என்கிறார்கள். இத்தனைக்கும் 1543-இல் ஜப்பானில் முதலில் கால்வைத்த ஐரோப்பியர் போர்த்துக்கீசியர்தான்.

சீன நகரங்களில் குழப்பம் வேறு மாதிரி. பெய்ஜிங் ‘பெகின்’, ஷாங்காய் ‘ஷான்ஹாய்’. இவை சீன ஒலியை ஒட்டியவை. ஆனால் வுஹான் ‘புகான்’, சோங்சிங் ‘ஜூகேய்’. சீன எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஜப்பானிய முறையில் வாசிப்பதால் வருவது இது. இதில் மோசமான வலை ‘கோஷூ’. குவாங்சோவும் கோஷூ, ஹாங்சோவும் கோஷூ; இரண்டுக்கும் நடுவே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். பேச்சில் சொல்லும்போது எந்த ஊர் என்று தெளிவாக்கிவிடுங்கள்.

அப்புறம், வெளிநாட்டு ஊர்களுக்கு ஜப்பானியர் முன்பு சீன எழுத்தில் எழுதிய பழைய பெயர்கள். சிலவற்றில் ஒலி, சிலவற்றில் பொருள், சிலவற்றில் இரண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ‘மாடு’, ‘துறை’ என்று இரண்டு எழுத்துகள். கேம்பிரிட்ஜுக்கு வாளும் பாலமும். ஹாலிவுட்டுக்கு எழுதியது ‘புனித வனம்’. ஹாலி என்ற முள்ளிலைச் செடியை, ‘புனிதமான’ என்று பொருள்படும் ‘ஹோலி’ என்ற ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொண்டதன் விளைவு அது. படிக்கச் சுவைதான், ஆனால் இன்றைய கடிதத்தில் எழுதினால் தாத்தா காலத்து வாசனை அடிக்கும்.

சிங்கப்பூருக்கு ‘ஷோனான்’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. அது 1942 முதல் 1945 வரை அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானிய ஆக்கிரமிப்புப் படை சூட்டிய பெயர். இன்று ‘ஷிங்காபோரு’தான்.

அகராதியின் வயதையும் பாருங்கள். உக்ரைன் தலைநகரை ரஷ்ய வழக்கில் ‘கியெஃபு’ என்றுதான் எழுதிவந்தார்கள். 2022 மார்ச் 31-இல் ஜப்பான் அரசு அதை உக்ரைனிய ஒலிப்படி ‘கீயு’ என மாற்றிவிட்டது.