கனத்த ஆண்குரலைப் பாட்டுக்குத் தயார்செய்வது எப்படி

ஆண் குரல்களில் மிகவும் பரவலாகக் காணப்படுவது பாரிடோன் என்று மேலை இசையில் வகைப்படுத்தப்படும் நடுத்தரக் கனமுள்ள குரல்தான். பாலக்காட்டு அக்ரஹாரங்களின் பஜனை கோஷ்டியில் பின்பாட்டுப் பாடுகிறவராக இருந்தாலும், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தேவாலயப் பாடற்குழுவில் நிற்பவராக இருந்தாலும், செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரியில் முறையாகக் கற்பவராக இருந்தாலும், இந்தக் குரல்காரர் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றேதான்: கீழே தாராளமாக ஒலிக்கிற குரல், தார ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயி ‘ஸ’வைத் தாண்டியதும் கத்தலாக மாறிவிடுகிறது. தொண்டைக்குப் பலம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு மேல் ஸ்தாயியையே முட்டி முட்டிச் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்வது வழக்கமாக இருக்கிறது. என் கருத்தில் இந்தக் குரலுக்குப் பலம் ஏற்கெனவே இருக்கிறது; வேண்டியதெல்லாம் பொருத்தமான சுருதியும், நடு ஸ்தாயியிலிருந்து தொடங்கும் ஆயத்தப் பயிற்சியும், மேலே போகப் போகக் கனத்தைக் குறைக்கும் பழக்கமும்தான்.

சுருதியை முதலில் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. பாரிடோன் குரலின் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 98 அதிர்வுகளில் தொடங்கி 392 வரை, அதாவது இரண்டு ஸ்தாயி அளவுக்கு விரியும். ஒரு கட்டை சுருதியில், அதாவது ஆர்மோனியத்தின் C கட்டையை ஆதார ‘ஸ’வாக வைத்தால், மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமமான ‘ப’ 98, மத்திய (நடு ஸ்தாயி) ஷட்ஜம் 131, தார ஷட்ஜம் 262, தார பஞ்சமம் 392 என்று வருவதால், கணக்குப்படி அது இந்தக் குரலுக்காகவே அளந்து வைத்தது போலத் தோன்றும். ஆனால் எல்லையைத் தொடுவது வேறு, அங்கே நின்று பாடுவது வேறு. பெரும்பாலான பாரிடோன் குரல்கள் 247 அதிர்வை ஒட்டித் தடுமாறத் தொடங்கி, 330-ஐ நெருங்கும்போது மார்புக் குரலின் இறுக்கத்தை விட்டுத் திரும்பியாக வேண்டும். ஒரு கட்டையில் இது காகலி நிஷாதத்துக்கும் (‘நி’) தார அந்தர காந்தாரத்துக்கும் (மேல் ‘க’) இடைப்பட்ட பகுதி, அதாவது ஆலாபனை உச்சத்தை எட்டி, ஸ்வரத்தை நீட்டிக் கார்வை கொடுத்து நிற்கிற அதே இடம். ஆகவே அங்கே திணறுகிறவர் ஒரு கட்டைக்குக் கீழே வரும் முந்தைய ஸ்தாயியின் 7 கட்டைக்கோ 6½ கட்டைக்கோ இறங்கிப் பார்க்க வேண்டும். 6½ கட்டையில் தார பஞ்சமம் 349 ஆகக் குறைந்துவிடும். அதற்கு ஈடாக மந்திர பஞ்சமம் 87-க்கு இறங்கும். அந்த ஸ்வரம் நாதமாக நிற்காமல் வெறும் காற்றாகப் போகிறது என்றால் சுருதியை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டோம் என்று பொருள்.

தாழ்ந்த சுருதியைக் குறையாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் மஞ்சப்ராவில் பிறந்த கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் (1923–1984), மற்றவர்கள் எடுக்கத் தயங்கும் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில் நிதானமாகப் பாடியே தமக்கென்று ஒரு பாணியை நிலைநிறுத்தினார்; அவர் பிறந்த மண்ணில் ஒருவர் சுருதியை இறக்குவதற்குக் கூச்சப்படுவது எனக்கு விளங்கவில்லை. பஜனையில் சுருதி நம் கையில் இல்லை என்பது உண்மைதான். முன்பாட்டுப் பாடும் பாகவதர் 2 கட்டையில் எடுத்தால் தார பஞ்சமம் 440-க்குப் போய்விடும். அந்த அடிகளைக் கீழ் ஸ்தாயியில் பாடுவதோ, வாயை மூடித் தாளம் மட்டும் போடுவதோ கோஷ்டிக்கும் தொண்டைக்கும் நல்லது.

ஆயத்தப் பயிற்சிக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். ஆனால் எழுந்த உடனே தொடங்கக் கூடாது. காலையில் குரல்நாண்கள் சற்றே வீங்கித் தளர்ந்திருப்பதால் மந்திர ஸ்தாயி தானாக விழும். அந்த ஆழத்தை நம்பிச் சுருதியை முடிவு செய்தால் மாலையில் ஏமாற்றம் காத்திருக்கும். விடியற்காலை மந்திர ஸ்தாயி சாதகம் செய்யும் மரபைப் பின்பற்றுகிறவர்கள் அதை மெல்லிய முனகலாகச் செய்தால் கெடுதல் இல்லை.

தொடக்கத்தில் உதடுகளைத் தளர்த்திப் படபடக்கவிட்டு, மத்திய ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை வழுக்கி ஏறி இறங்கவும். படபடப்பு நடுவில் அறுந்தால் மூச்சு சீராக வரவில்லை என்று அர்த்தம். இரு கன்னங்களையும் விரல்களால் இலேசாகத் தாங்கிக்கொண்டால் சரியாகிவிடும். அடுத்ததாக நான் செய்யச் சொல்வது தண்ணீரும் உறிஞ்சுகுழலும் கொண்ட பயிற்சி. பாதி நிரம்பிய டம்ளரில் குழலின் நுனியை ஒரு விரல் அகலம் மட்டும் அமிழ்த்தி, உதடுகளைக் குழலைச் சுற்றி இறுக மூடி, ‘ஊ’ என்ற ஒலியைக் குழல் வழியே விட வேண்டும். குமிழிகள் சம அளவில் விடாமல் எழ வேண்டும். தண்ணீர் வெளியே தெறித்தால் காற்றை வாரி இறைக்கிறோம், குமிழி நின்ற பின்னும் ஒலி தொடர்ந்தால் காற்று மூக்கு வழியே தப்புகிறது. தண்ணீரின் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர உதவுவதால், கனத்தைக் கொண்டே பாடிப் பழகிய குரலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு மூன்று நிமிடம் இப்படி மெதுவாக ஏறி இறங்கிய பிறகு, பற்களைச் சேர்க்காமல் உதட்டை மட்டும் மூடி ‘ம்’ என்று ரீங்கரித்து, அந்த அதிர்வு மூக்கைச் சுற்றி உணரப்படும்போதே வாயைத் திறந்து ‘ஆ’ என்ற அகாரத்துக்கு வரலாம்.

அதன் பின் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்தை மெதுவான முதற்காலத்தில், அகாரத்தில், மத்திய ஸ்தாயிக்குள் மட்டும் பாடவும். மேல் ஸ்தாயிக்கு ஆர்மோனியம் உதவும்: ‘ஸ ரி க ம ப ம க ரி ஸ’ என்ற கோவையை அரை அரைக் கட்டையாக ஆதார சுருதியை ஏற்றிக்கொண்டே பாடி, குரல் திரும்பும் இடம் வந்ததும் ‘ஆ’வைச் சற்றே ‘ஓ’வின் பக்கம் சாய்த்து, ஒலியின் அளவையும் குறைக்க வேண்டும். மோவாயைத் தூக்குவதும் கழுத்தை நீட்டுவதும் கூடாது. தொண்டைக் குமிழின் மேல் சுட்டுவிரலை வைத்து ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பார்த்தால் அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெரியும். பாடும்போது அப்படி ஏறினால் தசைகள் இறுகுகின்றன என்று பொருள், அந்த ஸ்வரத்திலிருந்து இரண்டு ஸ்வரம் இறங்கி மறுபடி தொடங்க வேண்டும். மந்திர ஸ்தாயியை எல்லாவற்றுக்கும் கடைசியில், அழுத்தம் கொடுக்காமல் தொட்டால் போதும்.

தொண்டைக் குமிழ் மேலே ஏறுவதற்கு நேர்மாறான குற்றமும் இந்தக் குரல்காரர்களிடம் உண்டு. கம்பீரம் வேண்டும் என்று நாக்கின் அடியை அழுத்தி, தொண்டைக் குமிழை வலிந்து கீழே இறக்கிப் பாடுவார்கள். நம் குரலின் ஒரு பகுதி எலும்பு வழியே நம் காதுக்கு வருவதால் பாடுகிறவருக்கு அது ஆழமாகவே கேட்கும். பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்கோ மூடிய அறைக்குள்ளிருந்து வருவதாகக் கேட்கும். செல்போனைக் கூடத்தின் மறுகோடியில் வைத்துப் பதிவு செய்து கேட்டால் இந்த மயக்கம் தெளிந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண்குரலை வாத்தியக் கூட்டத்தையும் தாண்டிக் கேட்கச் செய்வது 3,000 அதிர்வை ஒட்டிய பகுதியில் வலுப்பெறும் துலக்கம். அதை எழுப்ப ‘ங்’ என்று நீட்டி, அதே இடத்திலிருந்து ‘ஈ’க்கும் ‘ஆ’வுக்கும் மாறிப் பழகுவது நல்ல வழி.

மூச்சைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தோள் உயராமல் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி இழுத்து, பாடும்போது அந்த விரிவு உடனே சரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேகமாக உருளும் ஸ்வரக் கோவைகளான பிருகாக்களைப் பொறுத்தவரை, இலேசான குரல்காரர்களின் வேகத்தைப் பின்பற்ற முயல்வதைவிட ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையை இரண்டாம் காலத்தில் பாதிக் குரலில் தெளிவாகப் பாடிப் பழகுவதே இந்தக் குரலுக்குப் பொருந்தும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் மார்கழி, தை மாதங்கள்தான் பஜனையும் கச்சேரியும் மிகுந்திருக்கும் காலமும் கூட. அந்த நாட்களில் மூக்கு வழியாகவே மூச்சு விடுவதும், பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் வெறும் நீராவி பிடிப்பதும் உதவும். நாம் குடிக்கும் எதுவும் குரல்நாண்களை நேரே நனைப்பதில்லை. தண்ணீர் உடம்பில் கலந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். எனவே பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரோ சீரகத் தண்ணீரோ, எதுவானாலும் காலையிலிருந்தே குடித்துவர வேண்டுமே தவிர, மேடையேறும்போது ஒரு சொம்பு குடிப்பதால் பயனில்லை. சுக்குக் காப்பி இதமாக இருக்கும், அவ்வளவுதான். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களைப் பாடும் முன் தவிர்க்கவும்; வலி என்ற எச்சரிக்கையை அவை மறைத்துவிடும்.

பாடி முடித்ததும் ஐந்து நிமிடம் ‘ம்’ என்று மேலிருந்து கீழே வழுக்கி இறங்கி ஓய்வு கொடுக்கவும். அந்தச் சமயத்தில் கூட்ட இரைச்சலுக்கு மேல் உரக்கப் பேசினால் பாட்டில் சேமித்ததெல்லாம் பேச்சில் போய்விடும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது வலி இருந்தாலோ, கஷாயங்களில் நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டிப் பார்க்க வேண்டும்; அதுவரை சாதகத்தை நிறுத்திவைக்கவும்.