தசை நோயைத் தவறவிடும் இடங்கள்: இளம் டாக்டர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறிய மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களுக்கு நரம்பு, தசை நோய்கள் பற்றி வகுப்பு எடுத்து வருகிறேன். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது ஒரு மருத்துவர் தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் அந்த மணிக்கணக்குக்காக வருவதில்லை. மனதை அரிக்கும் ஒரு கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை வாங்கிப் படித்தால், எங்கள் தலைமுறை எந்த இடத்தில் தடுக்கி விழுந்ததோ அதே இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். ரிஃப்ளெக்ஸ் பார்க்க மறப்பது, பொட்டாசியம் எழுத மறப்பது மாதிரியான சின்னச் சறுக்கல்கள் அனுபவத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எஸ்ஜிபிடி கூடினால் ஈரல்தான் என்று முடிவு கட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது. இதற்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எட்டு வயதுப் பையனோடு வந்தார். நாலு வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு என்சைம்களும் பல மடங்கு கூடியிருந்தன. அன்றிலிருந்து அவன் ஈரல் நோயாளி. மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கும் பார்த்தாயிற்று. கண்ணில் மஞ்சளே இல்லாத பிள்ளைக்கு ஈரல் டானிக், வீட்டில் கீழாநெல்லி, எண்ணெய் இல்லாத பத்தியம் என்று நாலு வருடம் ஓடியிருக்கிறது. ஒரு பெரிய ஊரில் ஈரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

பையனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் கை வைத்துத் தன் மேலேயே ஏறி எழுந்தான். 1879-இல் கவர்ஸ் என்ற டாக்டர் விவரித்த அடையாளம் அச்சாக அப்படியே இருந்தது. கெண்டைக்கால் இரண்டும் திரண்டு கெட்டியாக இருந்தன. தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிபிகே என்ற என்சைம் 15,000-க்கு மேல். டுஷென் தசைச் சிதைவு நோய்.

அந்த அம்மா சொன்னார்: “இவன் எப்பவுமே இப்படித்தான் சார் எந்திரிப்பான். இப்ப சின்னவனும் தொடையில கை ஊணுறான்.”

சின்னவனுக்கு மூன்று வயது. அண்ணனின் முதல் ரிப்போர்ட் வந்த பிறகு கருவில் வந்த பிள்ளை. அன்றைக்கு ஒரு சிபிகே எழுதியிருந்தால் அடுத்த கர்ப்பம் பற்றி யோசித்து முடிவெடுக்க அந்தப் பெற்றோருக்கு வழி இருந்திருக்கும். அந்த வழியை அடைத்தது நோய் அல்ல. ஒரு பரிசோதனைச் சீட்டில் விட்டுப்போன ஒரு வரி.

இதன் அடிப்படை ரொம்ப எளிது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. தசை நார்கள் சிதையும்போது அவையும் ரத்தத்தில் கொட்டும். ஜிஜிடி என்ற ஈரல் என்சைம் அப்படி இல்லை, தசையிலிருந்து வராது. ஆகவே பிலிருபின், ஆல்புமின், ஜிஜிடி மூன்றும் சரியாக இருந்து இந்த இரண்டு மட்டும் கூடியிருந்தால் ஸ்கேனுக்கு முன்னால் சிபிகே எழுதுங்கள். டுஷெனில் சிபிகே சாதாரண அளவைப் போல் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை போகும். தசையில் ஊசி போட்டதாலோ ஓடி விளையாடியதாலோ லேசாகக் கூடினால் சில நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால் தாயிடம் கேளுங்கள். எப்போது நடந்தான்? ஒன்றரை வயது தாண்டியுமா நடக்கவில்லை? ஓடுவானா? பஸ் படியில் எப்படி ஏறுகிறான்? பேச்சு தாமதமா? பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் இதில் பல பேர். பாவம், அவர்களால் முடியவில்லை என்பதை யாரும் தரையில் உட்காரவைத்துப் பார்த்ததில்லை.

சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று சொல்லிவிடுவது

மேலே சொன்ன குடும்பத்தில் தாய்மாமன் கல்யாணம். அதைக் கேட்டதுமே ஒரு டாக்டர் “அதனாலதான்” என்று சொல்லியனுப்பிவிட்டார். குற்றவுணர்ச்சி தவிர அவர்களுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை. முதுகுத்தண்டு தசைநலிவு, இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் சில லிம்ப் கர்டில் வகை நோய்கள் போன்றவற்றில் நெருங்கிய உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். டுஷென் அந்த வகை இல்லை. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் அது தாய் வழியாக வருகிறது. மற்றவற்றில் புதிதாக உண்டாகிறது.

இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்த கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்போம். தாயின் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சித்தி மகன்கள் எப்படி நடக்கிறார்கள்? இங்கேயும் ஒரு பொறி உண்டு. தாயின் சிபிகே நார்மல் என்பதால் அவர் கேரியர், அதாவது பிழையைச் சுமப்பவர், இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேரியர்களில் கணிசமான பேருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். முதலில் பையனின் மரபணுவைப் பாருங்கள். எக்ஸான் என்ற 79 துண்டுகள் கொண்ட மரபணு அது. விடுபட்டவை, இரட்டித்தவை எல்லாம் எம்எல்பிஏ பரிசோதனையில் தெரியும். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங். பையனின் பிழை எது என்று தெரிந்த பிறகு தாயிடம் அதே பிழையைத் தேட வேண்டும். தாயின் ரத்தத்தில் அது இல்லை என்று வந்தாலும் கருமுட்டையில் மட்டும் இருக்க வாய்ப்புண்டு. அதனால் அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சட்டத்துக்குப் பயந்து கருப் பரிசோதனையைப் பற்றிப் பேசாமல் விடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பாலினத் தேர்வை. பாலினத்தோடு கடத்தப்படும் மரபு நோய்களைக் கண்டறிய, பதிவு பெற்ற மையங்களில் கருவைப் பரிசோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது.

ஸ்டெராய்டைச் சட்டென்று நிறுத்துவது

நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தில் காட்டி வருகிறார்கள். டுஷெனுக்கு பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், அல்லது டெஃப்லசகார்ட் 0.9 மில்லிகிராம், தினமும். நடக்கும் காலத்தை நீட்டிக்கும் மருந்து அது. மலையிறங்கி ஊருக்கு வந்தபின் காய்ச்சலுக்கு உங்களிடம் வருவார்கள். முகம் உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு “இதை யார் கொடுத்தது, நிறுத்துங்க” என்று சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டெராய்டு சாப்பிட்ட உடம்பில், ஸ்டெராய்டைத் தானாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். வாந்தியோடு வரும் அந்தப் பிள்ளைக்கு ஸ்டெராய்டு குறைக்க அல்ல, ஊசியாகக் கூட்டித் தர வேண்டியிருக்கலாம்.

மயக்க மருந்து

டுஷென் பிள்ளைக்கு, மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் கூடாது. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், தாயிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கைகால் வரவில்லை என்று வந்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவது

நாள் முழுக்க வயலில் வேலை, ராத்திரி பார்டர் கடையில் வயிறு முட்டப் பரோட்டா, விடிந்து எழுந்தால் கால் தூக்க வரவில்லை. வாலிபன். “ஒரு பாட்டில் போடுங்க சார்” என்று கூட வந்தவர்களும் சொல்வார்கள். பொட்டாசியம் குறைந்து வரும் வாதமாக அது இருந்தால் குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி, மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். பலவீனம் கண்ணெதிரே கூடும். பொட்டாசியம் பாருங்கள், ஈசிஜி எடுங்கள். விழுங்க முடிந்தால் வாய் வழியாகவே பொட்டாசியம் கொடுங்கள். அப்புறம் தைராய்டு பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆக்சிஜன் 98 என்று நிம்மதியாக இருப்பது

நரம்புகளைத் தாக்கும் கியான் பாரேயிலும், நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியாவிலும் விரலில் மாட்டும் கருவி கடைசியில்தான் எச்சரிக்கும். மூச்சுத் தசை களைத்துக்கொண்டே போகும்போதும் அது 98 காட்டும். அதற்குப் பதில் நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20 வரை வராவிட்டால் கவலைப்படுங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். திருநெல்வேலி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆம்புலன்ஸில் மூச்சு நின்றால் கூட வருகிற நர்ஸால் என்ன செய்ய முடியும்? கியான் பாரேயில் முதல் வாரம் முதுகுத்தண்டு நீர் நார்மலாக வரலாம், அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். ஸ்டெராய்டும் வேண்டாம், பலன் இல்லை.

மயஸ்தீனியா நோயாளிக்கு ஜென்டாமைசின், சிப்ரோ, அசித்ரோமைசின்

இந்த மருந்துகளை எழுதும் முன் நின்று யோசியுங்கள், இவை பலவீனத்தைக் கூட்டிவிடலாம். மக்னீசியம் ஊசியும் அதே பட்டியலில்தான்.

விடியற்காலையில் இமை தொங்கி, வயிற்று வலியோடு வருபவர்

தரையில் படுத்துத் தூங்கியவரா என்று கேளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் தடமும் தெரியாது, வீக்கமும் இருக்காது.

15 வயதுக்குக் கீழே திடீர்த் தளர்வாதம்

காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாலும் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் சான்று பெற்றது. அந்தச் சான்று நிலைப்பது இந்த அறிவிப்புகளால்தான். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், வாதம் தொடங்கிய 14 நாளுக்குள்.

ஒரு கை மட்டும் மெலிந்த இளைஞன்

முதலில் முழங்கைக்குப் பின்னால் அல்னார் நரம்பைத் தடவிப் பாருங்கள். தடித்திருந்தால் தொழுநோய், ஈஎம்ஜி என்ற தசை மின்பரிசோதனைச் செலவு மிச்சம். நரம்பு தடிக்காமல், உணர்ச்சியும் குறையாமல், கை மட்டும் ஒன்றிரண்டு வருடமாக மெலிந்துகொண்டே வந்தால் கழுத்துக் குனியும்போது தண்டுவடம் அழுந்துவதால் வரும் ஹிராயாமா நோயை நினையுங்கள். சாதாரணமாகப் படுக்கவைத்து எடுக்கும் எம்ஆர்ஐயில் அது தப்பிவிடும். கழுத்தை முன்னால் குனியவைத்து எடுக்க வேண்டும், படிவத்தில் நீங்கள் எழுதாவிட்டால் யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள். உறுதியானால் கழுத்துப் பட்டையை உடனே போட்டுவிடுங்கள். நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் ஆரம்ப வருடங்களில்தான் அதனால் பலன்.