டெலிகன்வர்ட்டர் மாட்டும் முன் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்

தூரத்துப் பறவை படத்தில் புள்ளியாகத் தெரிகிறது, 600 மி.மீ. லென்ஸ் வாங்கக் கையில் காசில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் துணைக்கருவியான டெலிகன்வர்ட்டரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

1. பொருந்துமா?

கன்வர்ட்டரின் மூடியைக் கழற்றினால், பல மாடல்களில் முன்கண்ணாடி குமிழ்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது போய் உட்கார லென்ஸின் பின்புறத்தில் குழி வேண்டும். 300 எஃப்4, 70-200 எஃப்2.8 வகை லென்ஸ்கள் பலவற்றில் இடம் இருக்கும் (முதல் எண் மி.மீ., எஃப் எண் லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்). கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸில் இருக்காது. திருகும்போது இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடியோடு கண்ணாடி உரசினால் இரண்டும் போச்சு.

கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, லென்ஸ் நிறுவனத்தின் பட்டியலையும் பாருங்கள். கேனான் ஆர்எஃப் 100-500 லென்ஸை 300 மி.மீ.க்கு மேல் நீட்டிய பிறகுதான் கன்வர்ட்டரை மாட்ட முடியும். மாட்டியபின் 300க்குக் கீழே திரும்பாது, நீட்டிய நிலையிலேயே பையில் வைக்க வேண்டியதுதான்.

2. வெளிச்சக் கணக்கு

1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும். 2 மடங்கு, இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு. 300 எஃப்4 லென்ஸ் முதலாவதில் 420 எஃப்5.6 ஆகும், இரண்டாவதில் 600 எஃப்8. பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் எஃப்5.6ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அல்லது வேலையே செய்யாது. மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை குறைவு. கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம் மட்டும் மாறுவதில்லை. அதனால் தட்டான், பட்டாம்பூச்சி எடுப்பவர்களுக்கு யோகம்: அதே தூரத்தில் நின்று இன்னும் பெரிதாக எடுக்கலாம்.

3. மாட்டுவது

கேமராவை அணைத்துவிட்டு, கன்வர்ட்டரை முதலில் லென்ஸில் மாட்டுங்கள். இரண்டிலும் உள்ள அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் சேரவேண்டும், 'க்ளிக்' சத்தம் கேட்கவேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் பொருத்துங்கள்.

4. செட்டிங்

600 மி.மீ. ஆகிவிட்டால் கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும். ஷட்டர் வேகம் 1/600க்குக் கீழே போகவேண்டாம். பறக்கும் பறவைக்கு 1/2000 வைப்பேன். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். 2 மடங்கில் படம் சற்று மழுங்கலாக வரும், எஃப்8ஐ எஃப்11 ஆக்கினால் தேறும்.

5. சோதனை

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பொடி எழுத்துள்ள தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். கன்வர்ட்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம். இரண்டாவதைக் கணினியில் க்ராப் செய்து அதே அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் பக்கமாக எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். என் பழைய ஜூம் லென்ஸில் 2 மடங்கைவிட க்ராப் செய்ததே தெளிவாக இருந்தது! உங்களுக்கும் அப்படியென்றால் கன்வர்ட்டரைக் கழற்றிவிடுங்கள், இரண்டு ஸ்டாப் வெளிச்சமாவது மிச்சமாகும்.