ஒரு வாய்த் தண்ணீர் போதும்: கார்ப்பெட் கழுவும் இயந்திரத்தை உறைபனியிலிருந்து காப்பது எப்படி?

ரொறன்ரோவில் இந்தத் தொழிலைத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, வேனைத் திறந்து இயந்திரத்தை இயக்கினேன். பம்ப் உறுமியது, தண்ணீர் வரவில்லை. சற்று நேரம் கழித்து வந்தது, வரக்கூடாத இடத்திலிருந்து. பித்தளை வால்வு ஒன்று நெடுகப் பிளந்திருந்தது. முந்தைய இரவு தொட்டியைக் காலி செய்திருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் வால்வுக்குள் ஒரு வாய்த் தண்ணீர் தங்கிவிட்டது.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. பாதி நிரம்பிய வாளிக்கு அது பொருட்டல்ல. பம்ப், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போன்றவற்றில் விரிய இடமே இல்லை, அதனால் உலோகம் வழிவிடுகிறது. இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை எந்த இரவும் பூச்சியத்துக்குக் கீழே போகலாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேனுக்குள் ஒரு மின்சார ஹீட்டரை வைத்துவிட்டு உறங்கப் போகிறார்கள். 2013 டிசம்பரில் அடித்த உறைமழையில் இந்த நகரத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தெற்கே இருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் மின்சாரம் இல்லாமல் டெக்சஸ் பட்ட பாடு நினைவிருக்கும். ஆகவே ஹீட்டரை இரண்டாம் காவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

1. அழுக்குத் தண்ணீரைக் கடைசி வீட்டிலேயே இறக்குங்கள்

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கழிப்பறையில் ஊற்றலாம். வீட்டு முற்றத்தில் திறந்துவிட்டால் கால் மணி நேரத்தில் அது கண்ணாடித் தரையாகிவிடும். வழுக்கி விழுபவர் அந்த வீட்டுக்காரராகவே இருப்பார்.

2. நல்ல தண்ணீரை வடியுங்கள்

தண்ணீர் வரும் வழியை அடைத்து, இயந்திரத்தை நிறுத்தி, வாண்டின் (கார்ப்பெட்டில் தண்ணீரை அடித்து உறிஞ்சும் நீண்ட கைப்பிடிக் கருவி) விசையை அழுத்திக் குழாயில் உள்ள அழுத்தம் தீரும்வரை விடுங்கள். பிறகு தொட்டியின் வடிகாலையும், பம்பின் அடியில் உள்ள திருகுகளையும் திறந்துவிடுங்கள். சோப்புக் கரைசல் போகும் மெல்லிய குழாயை மறந்துவிடாதீர்கள். காற்று கம்ப்ரெசர் இருந்தால் ஒவ்வொரு பாதையிலும் ஊதுங்கள். இயந்திரத்தின் கையேடு சொல்லும் அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் தண்ணீர் துப்பும், பிறகு தூறும், கடைசியில் வெறும் சீறல் மட்டும் கேட்கும். அந்தச் சீறல் வரும்வரை நிறுத்தாதீர்கள். வாக்குவம் மோட்டாரையும் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் உலர்ந்துவிடும்.

3. ரோஸ் நிறத் திரவத்தை ஓடவிடுங்கள்

எவ்வளவு ஊதினாலும் ஏதோ ஒரு வளைவில் கொஞ்சம் மிஞ்சும். அதற்குத்தான் ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ், அதாவது வீட்டு வண்டிகளின் தண்ணீர்க் குழாய்களைக் குளிரிலிருந்து காக்கும் திரவம். வன்பொருள் கடைகளில் ரோஸ் நிறத்தில், பெரிய பிளாஸ்டிக் குடுவையில் கிடைக்கும். வாங்கும்போது புரொப்பிலீன் கிளைக்கால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் வகை பொதுவாக எத்திலீன் கிளைக்கால். அது நஞ்சு, இனிக்கவும் செய்யும். நாம் கழுவும் கார்ப்பெட்டில்தான் குழந்தை தவழ்கிறது, நாய் படுத்துக்கொண்டு தன் பாதத்தை நக்குகிறது. அந்த வகை எஞ்சினோடு நிற்கட்டும். தண்ணீர்ப் பாதையின் பக்கமே வரக்கூடாது.

குடுவையில் இருக்கும் மைனஸ் 45 பாகை என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை அது. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும். கூழ் உலோகத்தைப் பிளக்காது. ஆனால் கடுங்குளிர்க் காலையில் அந்தக் கூழோடு பம்பை ஓட்டினால் பம்ப் திணறும். மிஞ்சிய தண்ணீரோடு கலந்தால் இந்தப் பாதுகாப்பும் குறையும். இரண்டாம் படியைத் தாண்டிவிட்டு நேராக இங்கே வரக்கூடாது என்பது அதனால்தான்.

ட்ரக் மவுண்ட் (வேனிலேயே பொருத்திய இயந்திரம்) என்றால் தண்ணீர்ப் பெட்டியில், போர்ட்டபிள் (வீட்டுக்குள் எடுத்துப்போகும் இயந்திரம்) என்றால் தொட்டியில் ஊற்றி, சூடாக்கியை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் இயக்குங்கள். தண்ணீர் வெளிவரும் ஒவ்வொரு வாயிலும் ரோஸ் நிறம் வரவேண்டும்: வாண்ட், சோபா கழுவும் கைக்கருவி, சோப்புக் குழாய், எல்லாம். முதலில் வருவது வெளிறி இருக்கும். குடுவையில் இருந்த நிறமே வரும்வரை விசையை அழுத்துங்கள். என் முதல் வால்வு பிளந்தது கைக்கருவிக்குப் போகும் கிளையில்தான். அன்று சோபா வேலை இல்லை, அதனால் அந்தப் பக்கம் எனக்கு நினைவே வரவில்லை. வெளிவரும் திரவத்தை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டால் நிறம் வெளிறும்வரை மறுபடி பயன்படுத்தலாம்.

4. வீட்டுக்குள் போகவேண்டியவை

ஹோஸ் சுருள்கள், கைக்கருவிகள், கழுவும் மருந்துப் போத்தல்கள். கறை பிடிக்காமல் அடிக்கும் புரொடெக்டர் ஒருமுறை உறைந்தால் திரிந்த பால் போலாகிவிடும். குலுக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி அடிக்காதீர்கள். வாக்குவம் ஹோஸ் குளிரில் விறைத்திருக்கும்போது மடக்கினால் விரிசல் விடும்.

5. இப்போது ஹீட்டர்

தெர்மோஸ்டாட் உள்ள மின்சார ஹீட்டரை எதுவும் தொடாத இடத்தில் வையுங்கள். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் கூடவே வேறொன்றைச் சொருகினால் பிரேக்கர் விழுந்துவிடும், அதுவும் நீங்கள் உறங்கும்போது. தடித்த நீட்டிப்புக் கம்பி வேண்டும். மெல்லிய கம்பி சூடாகும். புரொப்பேன், மண்ணெண்ணெய் அடுப்புகளை வேனுக்குள் கொண்டுவரவே கூடாது. பெட்ரோல் ஆவியும் தீச்சுடரும் ஒரே அறையில் இருக்க முடியாது, கார்பன் மோனாக்சைடு வேறு. தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் சிறு வெப்பமானி ஒன்றை வைத்து, 5 பாகைக்குக் கீழே போனால் மணி அடிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

6. காலையில்

உறையவில்லை என்றால் ரோஸ் திரவத்தை வாளியில் இறக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கிளைக்கால் கார்ப்பெட்டில் தங்கினால் பிசுபிசுப்பாகி அழுக்கை இழுக்கும். குளிர்காலத்தில் வீடுகளின் வெளிக்குழாயை அடைத்துவைத்திருப்பார்கள். துணி துவைக்கும் அறைக் குழாயில் பொருந்தும் இணைப்பு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். வேலைக்கு நடுவே வாண்டை வைத்துவிட்டு நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். வெளியே பனியில் கிடக்கும் ஹோஸில் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

உறைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இயந்திரத்தை இயக்காதீர்கள். தீச்சுடரும் கொதிநீரும் வேண்டாம். வேனைச் சூடான கராஜுக்குள் விட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, தானாக உருகும்வரை காத்திருங்கள். பிறகு அழுத்தத்தைக் குறைத்துவைத்து இயக்கி, கைவிளக்கோடு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். எங்காவது சொட்டினால் முதலில் அன்றைய வாடிக்கையாளரை அழைத்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரை அதற்குப் பிறகு தேடலாம்.