மயிலாப்பூர் ஹெரிடேஜ் வாக்: காசு கொடுத்துப் போகலாமா?

ஹெரிடேஜ் வாக் என்றால் வழிகாட்டியோடு ஊரின் பழங்கதை கேட்டுக்கொண்டே நடப்பது. மயிலாப்பூரில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை. திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் குளம், நான்கு மாட வீதிகள், பூக்கடை எல்லாம் தானாக வந்துவிடும். ஃபோட்டோவும் ஃபில்டர் காபியும்தான் நோக்கம் என்றால் தனியாகவே போங்கள்.

காசு கொடுப்பது கண்ணில் படாததற்கு. கபாலீஸ்வரர் கோயிலின் உயரமான ராஜகோபுரம் கிழக்கே நிற்கிறது. சுவாமி மேற்குப் பார்த்திருக்கிறார், குளமும் மேற்கேதான். கோபுரம் வழியாக நுழைகிறவர் சன்னதியின் முதுகுப் பக்கம் போய் நின்று, பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறார். சம்பந்தர் 'ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை' என்று பாடினார்; 'வேலை' என்றால் இங்கே கடல். இன்றைய கோயிலிலிருந்து கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். பழைய கோயில் கடலோரம் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாட்டையும் இடத்தையும் இப்படிக் கோத்துக் காட்டத்தான் ஆள் தேவை.

அதனால் முதலில் ஒரு நாள் காலை ஆறரைக்கு ஒரு மணி நேரம் தனியாகச் சுற்றுங்கள். 'இது ஏன் இப்படி?' என்று நாலு கேள்வியாவது எழுந்தால் வாக் உங்களுக்குப் பிடிக்கும்.

பணம் கட்டுமுன் ஃபோனில் பேசுங்கள். 'சுவாமி ஏன் மேற்குப் பார்த்திருக்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள்; 'நேரில் சொல்றேன்' என்று நழுவினால் யோசிக்க வேண்டும். குழுவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் மாட வீதி ஹாரன் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் காதில் விழாது. பத்தரைக்குக் கிளம்பும் வாக் வேண்டாம்: கோயில் நண்பகலையொட்டி நடை சாத்தி, மாலை நாலு மணியளவில்தான் திறக்கும். பாதியில் வெளிச்சுவர்தான் மிஞ்சும். 1516 என்று கல்வெட்டு சொல்லும் லஸ் தேவாலயம், ஊர்க்காரர் 'காட்டுக் கோயில்' என்று சொல்வது, பாதையில் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் சிரமம். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் என்றால் பெரும்பகுதி நின்றுகொண்டே கேட்பதுதான். உட்கார இடமிருக்கும் பாதையாகக் கேளுங்கள்.

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூன்று நாயன்மார் வீதியுலா வரும் அறுபத்துமூவர் நாளன்று போகாதீர்கள். கூட்டத்தில் வழிகாட்டியே கண்ணில் படமாட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு ரீஃபண்ட் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆகஸ்ட் 22 சென்னை நாளையொட்டி இலவச நடைகள் பல நடக்கும். அவசரமில்லை என்றால் அதுவரை காத்திருக்கலாம்.