மின்கேத்தல் ஒன்றைப் பற்றி நேர்மையான கருத்து எழுதுவது எப்படி?

"நல்ல சாமான், நம்பி வாங்கலாம்" என்ற ஒற்றை வரியால், வாங்கப்போகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த ஊரில், எந்தத் தண்ணீரில், எந்த நேரத்து மின்சாரத்தில் பாவித்தோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது கருத்தாகும். மின்கேத்தலில் பழகிக்கொண்டால் ரைஸ் குக்கருக்கும் இதே முறை உதவும்.

படி 1: அடித்தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும் வாற்றுப் பெறுமானத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் சீட்டு நாளடைவில் வெளுத்துவிடும்.

படி 2: அளவுக்கோப்பையால் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, கொதிக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 30 பாகை செல்சியஸில் உள்ள ஒரு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் தேவை. 1500 வாற்றுக் கேத்தலுக்கு, இழப்பே இல்லாவிட்டாலும், இதற்கு 3 நிமிடம் 15 விநாடி செல்லும். பாத்திரமும் சூடேற வேண்டியிருப்பதால் நான்கு நிமிடம் எடுத்தால் குறைசொல்ல இடமில்லை. ஆறு நிமிடம் எடுத்தாலும் உடனே தயாரிப்பாளரைக் குற்றஞ்சாட்டிவிடாதீர்கள். கேத்தலின் வலு (வாற்று), மின்சாரத்தின் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ற்று 200 ஆக இறங்கினாலே வலுவில் கால்வாசி போய்விடும். மட்டக்களப்பின் படுவான்கரையில் நீண்ட மின்கம்பி வரிசையின் கடைசி வீட்டில் இருப்பவர், வோல்ற்றளவு இறங்கியிருக்கும் மாலை ஏழு மணிக்கு அளந்ததை மட்டும் எழுதினால், அது கேத்தலைப் பற்றிய கருத்தாக இராது. ஆகவே விடியற்காலையிலும் ஒருமுறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

படி 3: ஊரின் குறையையும் பொருளின் குறையையும் பிரித்தறியுங்கள். உள்ளே படியும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. தேசிக்காய்ப் புளி கலந்த நீரைக் கொதிக்கவிட்டால் கரையும். கல்லடி, காத்தான்குடி போன்ற கடலோர இடங்களில் வெளித் திருகாணி துருப்பிடித்தால் உப்புக்காற்றையும் குறிப்பிடுங்கள். பலமுறை கொதிக்கவைத்துக் கொட்டிய பின்னரும் பிளாஸ்ரிக் மணம் போகாவிட்டால், தயங்காமல் பொருளின் கணக்கில் எழுதலாம்.

படி 4: ஒரு கிழமையில் எழுதியதற்குத் திகதி இட்டு, மாரி கழிந்ததும் அதன் கீழே தொடருங்கள். மூடியின் பிணைச்சல், தானாக அணையும் ஆளி ஆகியவற்றின் தரம் அப்போதுதான் தெரியவரும்.

படி 5: கொடுத்த விலையை எழுதுங்கள். கடை மச்சானுடையது என்றாலோ, பொருள் இலவசமாகக் கிடைத்தது என்றாலோ அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பலர் மறைப்பது இதைத்தான்.

உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால் அது முறைப்பாட்டுக்குரிய விடயம். பற்றுச்சீட்டுடன் இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நாடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977.